பக்கத்து லேன்

குமரகுரு கட்டியதை நீச்சல் குளம் என்று அவர் மனைவி சௌந்திரம்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மற்ற எல்லோருக்கும் அது தொட்டி. மோகனூர் ரோட்டில் அவருடைய கோழிப்பண்ணையின் கடைசி செட்டுக்கு, அதாவது கடைசிக் கொட்டகைக்குப் பின்னால், தென்னைக்குப் பாயும் தண்ணீரை நிறுத்தி வைக்கவென்று கான்கிரீட்டில் கட்டி, மகள் நித்யஸ்ரீ நீந்த ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் நீட்டி, அடியில் நீலப் பெயிண்டில் கோடு போட்ட தொட்டி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கோழி எச்சத்தின் நெடி வந்து தண்ணீர்மேல் உட்கார்ந்துகொள்ளும். சேலத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற கோச் அருணகிரிக்கு முதல் மாதம் முழுக்கத் தும்மல்தான். அப்புறம் பழகிப் போனார். எங்கள் பக்கம் வந்து பிழைக்க வேண்டுமென்றால் மூக்கைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

நித்யஸ்ரீ நீந்தியது நானூறு மீட்டர் மெட்லி. ஒரே ஆள் நாலு விதமாக நீந்த வேண்டும். முதல் நூறு பட்டர்ஃப்ளை, அடுத்த நூறு மல்லாந்து, மூன்றாவது நூறு தவளை நீச்சல், கடைசி நூறு ஃப்ரீ. பார்க்கிறவனுக்கு நாலும் அழகாகத்தான் இருக்கும். நீந்துகிறவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு சண்டை. பட்டர்ஃப்ளையில் இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கி வீச வேண்டும். அங்கே தெம்பைக் காட்டினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் தவளை நீச்சலுக்கு வரும்போது தோள் கல்லாகிவிடும். நித்யஸ்ரீக்கு அதுதான் வியாதி. விசில் ஊதியதும் பாய்ந்து முதல் நூறில் எல்லோரையும் பின்னால் விட்டுவிடுவாள். சௌந்திரம் போனில் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிற பகுதி அது. மிச்சத்தை அவள் யாருக்கும் அனுப்புவதில்லை.

நிதானம், நிதானம் என்று அருணகிரி தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். எந்த நூறில் எவ்வளவு செலவழிப்பது, எதை எங்கே மிச்சம் பிடிப்பது என்று பேப்பரில் கோடு போட்டு விளக்கினார். குமரகுரு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, புரிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

"தீவனம் மாதிரித்தானுங்க சார். பூராத்தையும் காலைலயே கொட்டீட்டா கோழி தின்னுபோட்டு மத்தியானத்துக்கு மேல சும்மா நிக்கும். பொழுதோட குடுக்கற தீவனந்தான் முட்டைக்கு ஓடு கட்டறது."

அப்பனுக்குப் புரிந்தது. மகளுக்குப் புரியவில்லை. அதில் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சொல்லிப் புரிகிற சங்கதியா அது? தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பாள்?

அந்தக் கடிகாரம் மஞ்சுளாவுக்கு உடம்பிலேயே இருந்தது. மஞ்சுளா பண்ணையில் முட்டை பொறுக்குகிற அங்காளம்மாளின் ஒரே மகள், நித்யஸ்ரீயின் வயதுதான். தம்மம்பட்டிப் பக்கம் கிணற்றில் குதித்து நீச்சல் படித்த பிள்ளை. ஒரு நாள் தொட்டியில் பாசி தேய்க்க இறங்கியவள், தேய்த்து முடித்ததும் சும்மா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். அருணகிரி பார்த்துக்கொண்டே நின்றார். முதல் தடவை போன அதே வேகத்தில்தான் இருபதாவது தடவையும் போனாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அன்றைக்கே குமரகுருவிடம் போய், இந்தப் பிள்ளையை உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் நீந்த விடுங்கள் என்றார். குமரகுருவுக்கு அது நியாயமாகப் பட்டது. நித்யஸ்ரீ போட்டுக் கழித்த நீச்சலுடை மஞ்சுளாவுக்கு வந்தது. பெரிய வீட்டுப் பின்கட்டில் தினமும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கிடைத்தன. பிள்ளை ஆறு மாதத்தில் நாலு நீச்சலையும் பிடித்துக்கொண்டு, ஆளும் கொஞ்சம் பூசினாற்போல் ஆனாள்.

மஞ்சுளாவுக்குக் கொடுத்த வேலை இதுதான். பட்டர்ஃப்ளையில் அரை ஆள் தூரம் முன்னால் போக வேண்டும், அதற்குமேல் கூடாது. மல்லாந்து நீந்தும்போது சமமாக வர வேண்டும். தவளையில் சமமாகவே இருந்து, கடைசி நூறில் பின்தங்கிக்கொள்ள வேண்டும். நித்யஸ்ரீக்குக் கொடுத்த வேலை அதைவிடச் சுலபம். கடைசி நூறுக்குத் திரும்புகிறவரைக்கும் மஞ்சுளாவை முந்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. அவள் போகிற வேகத்தில் போனால் போதும், கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை என்று அருணகிரி தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தார். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனி முடிவதற்குள் நித்யஸ்ரீ கடைசி நூறிலும் கையை வீசி நீந்துகிற பிள்ளையாகிவிட்டாள்.

அங்காளம்மாளும் அவள் புருஷன் செல்லமுத்துவும் குடியிருந்தது பண்ணைக் குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸ் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை, வெளியே அடுப்பு, பொதுக் குழாய். ஆனால் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு இருந்தது. தம்மம்பட்டியில் இருந்த பங்கு வீட்டைச் செல்லமுத்துவின் அண்ணன் இடித்து மாட்டுக்கொட்டகை போட்டுவிட்டான். செல்லமுத்து கூண்டுக்கு அடியில் எச்சம் வழிக்கிற ஆள். அந்தக் காந்தல் நெடி அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. வேறு பண்ணை வாசலில் போய் நின்றால் இருமலைக் கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த அறை போனால் ரோடுதான். இது அங்காளம்மாளுக்குச் சோறு உண்ணும்போதும் தெரியும், தூக்கத்திலும் தெரியும்.

ரோடு எப்படி இருக்கும் என்பதையும் அவள் பார்த்திருந்தாள். போன வருஷம் சூப்பர்வைசர் வீட்டுப் பூவாத்தாள், கறிவேப்பிலை பறித்த விஷயத்தில் சௌந்திரத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டாள். காலையில் பேசினாள், சாயங்காலம் குடும்பம் சட்டி பானையோடு மோகனூர் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றது. பூவாத்தாளின் அடுப்பை ரோடுவரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தது அங்காளம்மாள்தான்.

ஆடி பிறந்து காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று ஆளைத் தள்ளும். செட்டின் படுதாவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டு, தீவனத் தவிடு கண்ணில் வந்து விழும். அப்படி ஒரு காலையில்தான் மஞ்சுளா கடைசி நூறில் பின்தங்க மறந்து போனாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. நித்யஸ்ரீயைவிட ஓர் ஆள் நீளம் முன்னால் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டு, தொட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கரையில் நின்ற சௌந்திரம் துண்டை மடித்தாள், வீட்டுக்குள் போய்விட்டாள். குமரகுரு முட்டை அட்டையோடு போய்க்கொண்டிருந்த அங்காளம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள அங்கா, உன்ற புள்ள என்ற புள்ளைய முழுங்கீரும்போல இருக்குதே."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தீவன மில்லுக்குப் போய்விட்டார். அவர் அதை மறந்தும் போயிருப்பார். அங்காளம்மாளால் அந்த வார்த்தையை மறக்க முடியவில்லை. அன்றைக்கு அட்டையில் முட்டை அடுக்கும்போது ஏழெட்டு முட்டை உடைந்தது. சாயங்காலம் செல்லமுத்துவிடம் சொன்னாள்.

"சிரிச்சுக்கிட்டுதான சொன்னாரு?" என்றான் அவன்.

"பூவாத்தா வூட்டுக்காரங்கிட்டயும் சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு."

அவன் இருமினான். சேலத்தில் நடக்கிற போட்டிக்கு மஞ்சுளாவின் பெயரையும் அருணகிரி கொடுத்திருப்பதாக அவன்தான் கேட்டுவந்து சொன்னான். இரண்டு பிள்ளைகளும் நீந்தி முடிக்கிற நேரத்தைக் கிட்டத்தட்ட ஒன்றாக எழுதிக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்துத் தடம், அதாவது லேன், விழும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். எதற்காக என்று அங்காளம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் பண்ணைகளில் எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. சொன்னதைச் செய்வார்கள், சொல்லாததை ஊகித்துக்கொள்வார்கள். பாதிக் குடும்பம் கெடுவது அந்த ஊகத்தினால்தான்.

அவள் ஊகித்தது இதுதான். ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், சேலத்துக் குளத்தில், உறவுக்காரர்களெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போது மஞ்சுளா முந்திவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் தன் அடுப்பு ரோட்டோரத்தில் இருக்கும்.

மகளைக் கூப்பிட்டு வைத்துப் பேசிப் பார்த்தாள்.

"போட்டியில பின்னால வந்துரு சாமி."

"சார் வேற மாதிரி சொல்லியிருக்காரும்மா. கடைசி நூறுல உன் இஷ்டத்துக்குப் போன்னுட்டாரு."

"அவரு சொல்லுவாரு. நீ பின்னால வந்துரு."

"எனக்கு வரலம்மா. தொட்டியிலயே கையப் புடிச்சு வெச்சா மூச்சு முட்டுது. அன்னிக்கிப் பாத்தல்ல." அப்புறம் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னது, "ஒரே ஒருக்கா முழுசாப் போயிப் பாக்கறம்மா."

பெற்றவள் அந்த முகத்தைப் பார்த்தாள். சொல்லித் தடுக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரம் அவளைக் கடைசி செட்டில் போட்டிருந்தார்கள். வயசான கோழிகள் இருக்கிற செட். எங்கள் பக்கம் மோல்டிங் என்பார்கள், வெளி ஆட்களிடம் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். முட்டை குறைந்துபோன கோழிக்குத் தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் மட்டும்தான். முதல் நாள் தீவன வண்டிச் சத்தம் கேட்டு அத்தனையும் கழுத்தை நீட்டிக் கத்தும். இரண்டாம் நாள் கத்தல் கம்மும். அதற்கப்புறம் செட்டே ஊமையாகிவிடும். இறகு உதிரும், எடை இறங்கும், முட்டை அடியோடு நின்றுபோகும். சிலது சாகும். மிச்சத்துக்குத் திரும்பத் தீவனம் போட்டால் புது இறகு முளைத்துப் புதுசாக இட ஆரம்பிக்கும். அங்காளம்மாள் இந்த வேலையைப் பல தடவை செய்திருக்கிறாள். காலித் தீவனத் தொட்டியைக் கொத்திக் கொத்தி நிற்கிற கோழிகளுக்கு நடுவில் நின்றபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. நிறுத்தினால் நிற்கும். திரும்பப் போட்டால் திரும்ப வரும். நாலு நாள் போனால் பிள்ளை பழைய பிள்ளையாகிவிடும், அதற்குள் அறையும் தப்பித்துவிடும்.

தாய் நினைக்கிற நினைப்பா இது என்று கேட்பீர்கள். ஒழுகாத கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம்.

புதன்கிழமை சாயங்காலம் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டே, அங்காளம்மனுக்கு வேண்டியிருப்பதாகச் சொன்னாள். நீ ஜெயிக்க வேண்டுமென்றுதான் வேண்டியிருக்கிறேன், ஆடி வெள்ளி வருகிறது, வியாழனிலிருந்து சனிக்கிழமை போட்டி முடிகிறவரைக்கும் நீ வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றாள். பெரிய வீட்டில் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடு, சாரிடமும் சொல்லாதே, சொன்னால் பலிக்காது. மஞ்சுளா சந்தோஷத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா தன் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தாள் பாவம்.

பிள்ளை விரதத்தை அவ்வளவு பயபக்தியோடு இருந்தது. வியாழக்கிழமை பின்கட்டில் கொடுத்த முட்டையையும் பாலையும் கொண்டுவந்து அப்பனுக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை அருணகிரி, நாளைக்குத் தெம்பு வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார். மஞ்சுளா அதைக் கொண்டுவந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். எறும்பு மொய்த்தபோது ஊதி ஊதி விரட்டினாள். தலை சுற்றுகிறதா என்று அம்மா கேட்டதற்கு, கொஞ்சமாகத்தான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். செல்லமுத்து மகளின் பக்தியை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு பாலைக் குடித்தான். அங்காளம்மாளும் அந்த இரண்டு நாள் சாப்பிடவில்லை. சோறு இறங்கவில்லை. அதை ஒரு நியாயம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலையில் குமரகுருவின் காரில் எல்லோரும் போனார்கள். நித்யஸ்ரீயின் சாப்பாட்டுப் பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று சௌந்திரம் அங்காளம்மாளையும் ஏற்றிக்கொண்டாள். சேலத்துக் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, நித்யஸ்ரீக்கு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்ததும், ராகிக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்ததும் அங்காளம்மாள்தான். எதிரே சுவரோரம் மஞ்சுளா உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்து அம்மனைக் கும்பிடுவதுபோல் காட்டினாள்.

எட்டு பிள்ளைகள் மேடையில் ஏறி நின்றார்கள். நாலாவது லேனில் நித்யஸ்ரீ, ஐந்தாவதில் மஞ்சுளா. விசில் ஊதினார்கள்.

பட்டர்ஃப்ளையில் இரண்டு பேரும் பின்னால்தான் வந்தார்கள். சௌந்திரம் போனை இறக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். குமரகுரு பதறவே இல்லை, அருணகிரியும் அசையவில்லை. அவர்கள் போட்ட கணக்கே அதுதான். மல்லாந்து நீந்தும்போது முன்னால் போன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தளர, இவர்கள் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் மேலே வந்துகொண்டிருந்தார்கள். இருநூறு மீட்டர் முடிந்தபோது மூன்றாவதும் நாலாவதுமாக இருந்தார்கள். குமரகுரு தொடையில் தட்டினார். இனித் தவளை நீச்சல். மற்றவர்களெல்லாம் சாகிற இடம், இவர்கள் உயிரோடு வருகிற இடம்.

பாதி நீளம் போனதும் மஞ்சுளாவின் தலை தண்ணீரைவிட்டு மேலே வரத் தாமதமானது. அடுத்த தடவை இன்னும் தாமதமானது. கை விரிந்தது, ஆனால் தண்ணீரை இழுக்கவில்லை. படியில் இருந்த அங்காளம்மாளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்கு வந்தது ஆறுதல்தான், அப்பாடா என்றிருந்தது. மறைக்க வேண்டியதில்லை, அதுதான் வந்தது. இனி முதலாளி பிள்ளை தன்பாட்டுக்கு முன்னால் போய்விடும், எல்லாம் முடிந்துவிடும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

நித்யஸ்ரீ முன்னால் போகவில்லை. மூச்சுக்குத் தலை தூக்குகிறபோதெல்லாம் பக்கத்து லேனைப் பார்த்தாள். மஞ்சுளா மெதுவாக்கினாள், இவளும் மெதுவாக்கினாள். மஞ்சுளா இன்னும் தளர்ந்தாள், இவளும் தளர்ந்தாள். கடைசி நூறுக்குத் திரும்புகிறவரைக்கும் விடாதே என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, சொன்னபடியே செய்தாள். அருணகிரி குளத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டே போ போ என்று கத்தினார். தண்ணீருக்குள் யாருக்குக் கேட்கும்? பின்னால் இருந்த நாலு பேரும் இரண்டு பக்கமும் கடந்து போனார்கள். திரும்பிய பிறகு நித்யஸ்ரீ வெறி பிடித்ததுபோல் கையை வீசினாள். நாலாவதாக வந்தாள். உடம்பில் தெம்பு நிறைய மிச்சம் இருந்தது, அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மஞ்சுளா கடைசி ஐம்பது மீட்டருக்குத் திரும்பவில்லை. லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இரண்டு பேர் இறங்கித் தூக்கிவந்து தரையில் போட்டார்கள். வாந்தியெடுத்தாள், வெறும் மஞ்சள் தண்ணீர். அருணகிரி மண்டியிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். போட்டிதான் முடிந்துவிட்டதே, இனிச் சொல்லலாம் என்று நினைத்ததோ என்னவோ, பிள்ளை உள்ளதைச் சொன்னது.

"ஒண்ணுமில்லீங்க சார். வியாழக்கிழமையிலிருந்து விரதம். அம்மா வேண்டியிருந்தாங்க."

குமரகுரு அதைக் கேட்டார். அங்காளம்மாளை நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. கார் நிற்கிற புளியமரத்தடிக்கு அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பட்டினி போட்டா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? செட்டுல தெனமும் பாக்கறவதான நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வியிலேயே அவர் பாதியைப் பிடித்துவிட்டார்.

"எதுக்குச் செஞ்ச? சொல்லு."

"எம்புள்ள முந்திருமோன்னுங்க," என்றாள். "முந்திட்டா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு."

குமரகுரு அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"முந்தட்டும்னுதான புள்ள பக்கத்து லேன்ல போட்டேன். மாநிலப் போட்டிக்கு ரெண்டு பேர எடுக்கறாங்க. உன்ற புள்ள மொதல்ல வந்தா என்ற புள்ள அவளப் புடிச்சுட்டே வந்து ரெண்டாவது தொட்டிருக்கும். ரெண்டு பேரும் போயிருப்பாங்க. அங்கயும் அவளுக்கு இவ வேணுமே. நான் என்ன கிறுக்கனா, உன்ற புள்ள ஜெயிச்சாக் கோவிச்சுக்க?"

அங்காளம்மாள் வாயைத் திறந்தாள். எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேட்காதவள் அன்றைக்கு மட்டும் எப்படிக் கேட்பாள்?

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார் அவர். "பொழுதுக்குள்ள ரூமக் காலி பண்ணிரு."

நித்யஸ்ரீயை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது. தாயும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அங்காளம்மாள் நாலு இட்லி வாங்கி மகளுக்குக் கொடுத்தாள். பிள்ளை ஒன்றரை இட்லிக்கு மேல் தின்னவில்லை. ஏன் ரூமைக் காலி செய்கிறோம் என்று கேட்டதற்கு, மொதலாளிக்குக் கோபம் என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது செல்லமுத்து ஏற்கெனவே வாசலில் சாமானை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். புது சூப்பர்வைசர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். காற்று தூசியை வாரி வாரி அடித்தது. பெரிய வீட்டில் சௌந்திரம் யாரோடோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. ராசிபுரத்துப் பக்கம் பிரவீனா என்று ஒரு பிள்ளை நிதானமாக நீந்துகிறதாம், குடும்பம் வேலை தேடிக்கொண்டிருக்கிறதாம், வந்தால் ரூம் காலியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பை ரோடுவரைக்கும் தூக்கிக்கொண்டு போக அன்றைக்கு யாரும் வரவில்லை. அக்கம்பக்கத்து அறைகளில் கதவு சாத்தியிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அவர்களுக்கும் ஒரு கதவுதான் இருக்கிறது.

மஞ்சுளா சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். அம்மன் படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அழாமல் இருந்தவள், திடீரென்று உடம்பு குலுங்க அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டம்மா."

அங்காளம்மாள் பானையைக் கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழம மத்தியானம் உன்னத் தேடிச் செட்டுக்கு வந்தன்ல. அட்டையில ஒரு உடஞ்ச முட்ட இருந்துச்சும்மா. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. பச்சையாவே குடிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதுனாலதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டா. கையக் கட்டிப்போட்டாப்புல ஆயிருச்சும்மா எனக்கு. நித்யாவும் தோத்துட்டா, இப்ப வூடும் போச்சு. எல்லாம் என்னாலதான?"

செல்லமுத்து கேட்டுக்கொண்டே நின்றான். அவனுக்கு விரதம் மட்டும்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது. தோளில் கிடந்த துண்டை உருவி முறுக்கி மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தான். ஒரு முட்டைக்குக் குடியைக் கெடுத்துவிட்டாயே என்றான். அதற்குமேல் அடிக்க விடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். பிள்ளை நகரவில்லை, தடுக்கவும் இல்லை. அடி தனக்குச் சேர வேண்டியதுதான் என்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்தது.

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், வேறு நேரம் கிடையாது. அங்காளம்மாளுக்கு வேலை போய்விட்டது, கூரை போய்விட்டது. உள்ளதைச் சொன்னால் இந்தப் பிள்ளையும் இனித் தன் முகத்தைப் பார்க்காது என்று பயந்தாள். அந்தப் பயம் மற்றதையெல்லாம் முழுங்கிவிட்டது.

"என்னாலதானம்மா?" என்று மறுபடியும் கேட்டாள் மஞ்சுளா.

"ஆமாஞ் சாமி," என்றாள் அங்காளம்மாள். "அதுனாலதான்."

மஞ்சுளா தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அடுத்த வெள்ளிக்கெழம மறுபடியும் இருக்கறம்மா. இந்தத் தடவ தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

அங்காளம்மாள் குனிந்து அடுப்பைத் தூக்கினாள். ரோடுவரைக்கும் எங்கேயும் இறக்கி வைக்காமல் நடந்தாள்.